கிழிக்கச் சொன்ன பாஸ்போர்ட்டுகள்

மார்ச் 11

மதிப்பிற்குரிய மேடம்,

தாங்களும் தங்கள் வீட்டுக்காரரும் நலமென்று நம்புகிறேன். நாங்கள் நாற்பத்தொரு பேரும் ஐந்தாம் தேதி பத்திரமாகத் தலைநகர் வந்து சேர்ந்தோம். இரு நாட்டுக்கும் உறவு முறிந்து தபாலும் நின்றுவிட்டதால், இக்கடிதம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாயிருக்கிற ஒரு மூன்றாவது நாட்டுத் தூதரகத்தின் பையில் வருகிறது. அந்தப் பையைப் பிரிக்க எந்த அரசாங்கத்துக்கும் உரிமை இல்லை. பதிலை அவர்களுடைய நூலகத்தில் இருக்கும் அம்மையாரிடம் கொடுத்தால் என் கைக்கு வந்துவிடும்.

எழுபத்திரண்டு மணி நேரத்தில் ஒரு தூதரகத்தைக் காலி செய்ய நேர்ந்ததில் பல வேலைகள் அரைகுறையாக நின்றுவிட்டன. அவற்றில் ஒன்று தங்கள் பொறுப்பில் இருக்கிறது. விசாவுக்காக நம் கவுன்டரில் வாங்கி வைத்திருந்த உங்கள் நாட்டவரின் பாஸ்போர்ட்டுகள் 214. கிளம்பும் நாள் மதியம் அவற்றைக் கிழிக்கும் மெஷினில் போட்டு அழித்துவிடும்படி தங்களுக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்தேன். அழித்ததற்கான சான்றிதழ் இத்துடன் உள்ளது. மூன்று இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் மேற்படி விஷயத்தை முடித்துக்கொள்ளலாம். அமைச்சகத்தில் தினமும் கேட்கிறார்கள்.

இது விதிமுறை மட்டும் அல்ல என்பது தங்களுக்குத் தெரியும். எதிரி நாட்டுக்கு விசா கேட்டவர்கள் யார் யார் என்று உங்கள் அரசாங்கத்தின் கையில் கிடைத்தால் அந்த 214 பேருக்கும் ஆபத்து. அவர்களுடைய நன்மைக்காகத்தான் அந்த உத்தரவு.

புறப்படும்போது தங்களிடம் சரியாக விடைபெற முடியவில்லை. வண்டிகள் கிளம்பிவிட்டன. பத்தொன்பது வருடச் சேவைக்கு அமைச்சகத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
விசா அதிகாரி


மார்ச் 24

சார்,

கடிதம் கிடைத்தது. நூலகத்து அம்மா ஒரு பெரிய அட்லஸுக்குள் வைத்துக் கொடுத்தார். உறை நல்ல கனமாக இருந்தது. ஏதோ நாலு வார்த்தை மனசுவிட்டு எழுதியிருப்பீர்கள் என்று பார்த்தால் சான்றிதழ்.

கையெழுத்துப் போடவில்லை. நான் எதையும் அழிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வண்டிகள் போனதும் கேட் வெறிச்சென்று ஆனது. நான் இரும்பு அலமாரியைத் திறந்து முதல் கட்டை எடுத்தேன். அட்டை தடிமனாக இருப்பதால் மெஷின் கடிக்காது, முதலில் கத்தரியால் அட்டையை வெட்ட வேண்டும். ஒன்றை வெட்டுவதற்காகப் பிரித்தேன். லேத் பட்டறைக்காரர் ஒருவர். பெண்டாட்டிக்கு உங்கள் நாட்டில் பிரசவம் ஆகி, பிள்ளை முகம் பார்க்க விசா கேட்டவர். போட்டோவில் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. வேறு போட்டோ கொண்டுவாருங்கள் என்று நான்தான் ஒருமுறை திருப்பி அனுப்பினேன், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அட்டைக்குள் ரசீது இருந்தது. "விண்ணப்பம் முடிந்ததும் பாஸ்போர்ட் உரியவரிடம் திரும்ப ஒப்படைக்கப்படும்." அதற்குக் கீழே கையெழுத்து என்னுடையது. 214 ரசீதிலும் என்னுடையதுதான் சார். உங்கள் கையெழுத்து ஒன்றில்கூட இல்லை.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

மேலே தூதர் வீட்டுக்குப் போய் ஜன்னல் திரைச்சீலைகளைக் கழற்றினேன். இரண்டு மூட்டையாகக் கட்டினேன், நடுவில் பாஸ்போர்ட். அதற்குள் கேட்டில் எங்கள் நாட்டு சிப்பாய்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

"என்னம்மா மூட்டை?"

"திரைச்சீலை. துவைக்கணும்."

"ஆளுங்களே போயாச்சு. யாருக்குத் துவைக்கறீங்க?"

"அழுக்கு அவங்களோடது. துணி நல்ல துணி. என் வீட்டு ஜன்னலுக்கு ஆகும்."

சிரித்துவிட்டு வழிவிட்டான். ஒரு மூட்டையைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தான்.

இப்போது எல்லாம் எங்கள் வீட்டில் ஓடாத பழைய வாஷிங் மெஷினுக்குள் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதன் மேல் செய்தித்தாளை விரித்துக்கொண்டு அதில்தான் டீ குடிக்கிறார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், எதற்கும் பதறமாட்டார்.

எனக்கு உங்களிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. பாஸ்போர்ட்டில் பெயரும் பிறந்த தேதியும்தான் உண்டு. விலாசமும் போன் நம்பரும் விண்ணப்பத்தில் இருந்தன. விண்ணப்பங்களை நீங்கள் எரித்துவிட்டீர்கள். ஆனால் தினமும் மாலை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் உங்கள் தலைநகருக்கு அனுப்புவோமே, அது அங்கே இருக்கும். அந்தப் பட்டியலை அனுப்புங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மேடம் மேடம் என்று எழுத வேண்டாம். ஆபீசில் எல்லோருக்கும் நான் அக்கா. உங்களுக்கு மட்டும்தான் மேடம்.

மூன்றாவது கவுன்டர்


ஏப்ரல் 6

மேடம்,

தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

தாங்கள் செய்திருப்பது என்னவென்று தாங்கள் யோசிக்கவே இல்லை. போன வாரம் உங்கள் நாட்டில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. எங்கள் தூதரகத்தோடு தொடர்பு வைத்திருந்தவர்களை விசாரிக்கலாம், காவலில் வைக்கலாம். 214 பேரின் போட்டோவோடு கூடிய பட்டியலை நீங்கள் ஒரு வாஷிங் மெஷினுக்குள் வைத்திருக்கிறீர்கள். வீட்டைச் சோதனை போட்டால் மாட்டுவது நீங்கள் மட்டும் அல்ல, அத்தனை பேரும். தயவுசெய்து இன்றைக்கே எரித்துவிடுங்கள். எரித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் பதில் வருவதற்கு முன்பே, எல்லாம் அழிக்கப்பட்டது என்று நான் அமைச்சகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தாங்கள் உத்தரவை மீறுவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதை வைத்து அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லிவிட்டார். இனி அது வேறு மாதிரி ஆக முடியாது.

பட்டியலை அனுப்ப இயலாது. அது இரகசிய ஆவணம். அடுத்த மாதம் எனக்கு ஒரு முக்கியமான தலைநகருக்கு மாற்றல் வரவேண்டியிருக்கிறது. என் மாமனார் முப்பத்தைந்து வருடம் இதே துறையில் தூதராக இருந்தவர். "உள்ளூர் ஆளுங்ககிட்ட சாவியைக் கொடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டார்.

இரு நாட்டு உறவு என்பது கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் தெரிகிற விஷயம் அல்ல, மேடம்.

விசா அதிகாரி


ஏப்ரல் 17

சார்,

கண்ணாடிக்குப் பின்னால் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கண்ணாடிக்கு அடியில் நாலு விரல் இடைவெளி உண்டு. பத்தொன்பது வருடம் உங்கள் நாட்டுக்கும் என் நாட்டுக்கும் நடுவில் இருந்த உறவு அந்த நாலு விரல்தான். ஜனங்கள் அதன் வழியாகத்தான் கையை நீட்டினார்கள். நீங்கள் எங்கள் கப்பலைப் பிடித்தீர்கள், நாங்கள் உங்கள் தூதரகத்து ராணுவ அதிகாரியை வெளியே அனுப்பினோம், நீங்கள் எங்கள் ஆறு பேரை அனுப்பினீர்கள், நாங்கள் பன்னிரண்டு. இதில் அந்த லேத் பட்டறைக்காரர் என்ன செய்தார், சொல்லுங்கள்.

எரித்தால் அவர்களுக்கு நல்லது என்கிறீர்கள். இங்கே நடப்பது தெரியுமா? பாஸ்போர்ட் ஆபீசில் புதுசு கேட்டால், பழசு எங்கே என்கிறார்கள். தொலைந்துவிட்டது என்றால் போலீசில் எழுதிக் கொடு, எங்கே தொலைந்தது, எப்போது தொலைந்தது என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் பாஸ்போர்ட் இல்லை. எந்த நாட்டுக்கும் போக முடியாது. சிறுநீரக ஆபரேஷனுக்கு நாள் குறித்துவைத்த ஒரு பெண்ணின் அம்மா என்னிடம் கேட்டாள், "எங்களை ரெண்டு அரசாங்கமும் சேர்ந்து வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்களாக்கா?" உங்கள் மாமனாரைக் கேட்டு ஒரு பதில் வாங்கி அனுப்புங்கள்.

ஆமாம், அவளைப் பார்த்தேன். தூதரகத்துக்கு எதிரே பேக்கரி இருக்கிறதல்லவா? தினமும் காலை பத்து மணிக்கு அங்கே வரிசையில் நிற்கிறேன். பூட்டிய கேட்டை வந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை எனக்கு அடையாளம் தெரியும். முகம் மறக்காதது என் தொழில். மெதுவாகப் பக்கத்தில் போய், "ரொட்டி சூடா இருக்கு, வாங்கிக்கோங்க" என்பேன். வரிசையில் சேர்ந்ததும், நாளைக்கு இதே நேரம் வாருங்கள் என்று காதோடு சொல்வேன். மறுநாள் அதே இடத்தில் ரொட்டிப் பையோடு பாஸ்போர்ட்டும் கைமாறும். இதுவரை முப்பத்தொன்று கொடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் பன் தின்று தின்று அலுத்துப்போய் இருக்கிறார்.

மீதி 183 பேர் கேட்டுக்கு வரவில்லை. பயம், இல்லையென்றால் வெளியூர். அவர்களுக்குத்தான் பட்டியல் கேட்டேன். அவர்கள் பெயர்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீங்கள் விதிமுறை பேசுவதால் ஒன்று கேட்கிறேன். நம் டெலிபோன் ஆபரேட்டருக்குப் புருஷன் உங்கள் நாட்டுக்காரர். இங்கே இருந்தால் முதலில் பிடிப்பது அவளைத்தான். கிளம்பும் நாள் உங்களிடம் வந்து வண்டியில் இடம் கேட்டாள். "இடமில்லைம்மா" என்றீர்கள். அப்போது நான் மூன்றாவது வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் தூதரம்மாவின் இரண்டு ஓவியங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. ஆடாமல் இருக்க நீங்கள்தான் சீட் பெல்ட் போட்டுவிட்டீர்கள்.

அவள் எட்டு நாள் நடந்தும் லாரி ஏறியும் எல்லையைத் தாண்டினாள் என்று கேள்வி.

பட்டியல் அனுப்புங்கள். இல்லையென்றால் எழுதாதீர்கள். புத்திமதிக்கு எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

மூன்றாவது கவுன்டர்

(பின்குறிப்பு: உங்களுக்கு ஆபீசில் என்ன பேர் தெரியுமா? ஊதி. ஒவ்வொரு முத்திரையையும் குத்திவிட்டு மை காய ஊதுவீர்களே, அதனால். விசா கிடைத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பிடிக்கும்.)


மே 2

அக்கா,

பின்குறிப்பைப் பல தடவை படித்தேன். முன்னால் எழுதியிருந்ததை இரண்டாம் தடவை படிக்கத் தைரியம் வரவில்லை.

சீட் பெல்ட் போட்டது நான்தான்.

துணைச் செயலரிடம் போய்ப் பட்டியல் கேட்டேன். முறைப்படி, எழுத்தில், என் பெயரில். அவர் காகிதத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்கு இந்த விலாசமெல்லாம்?"

"பாஸ்போர்ட் திருப்பிக் கொடுக்க."

"எந்தப் பாஸ்போர்ட்? அழிச்சாச்சுன்னு நீதானே எழுதிக் கொடுத்தே?"

"தப்பா எழுதிட்டேன்."

"தப்பா எழுதலை. சரியாத்தான் எழுதியிருக்கே. இல்லாத பொருளுக்கு விலாசம் கேக்கறதுதான் தப்பு." காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "வீட்டுக்குப் போ. மாற்றல் உத்தரவு டைப் ஆயிட்டிருக்கு."

வீட்டில் சொன்னேன். மாமனார்தான் பேசினார். ஒரு தூதரகத்தை மூடும்போது நாலு பேருக்கு வருத்தம் வரத்தான் செய்யும், அதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டால் இந்த உத்தியோகம் பார்க்க முடியாது என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அவ்வளவுதான் அக்கா. தலையாட்டினேன்.

ஆனால் என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. நேர்காணல் செய்யும்போது சந்தேகம் வந்தால் திரும்பக் கூப்பிட போன் நம்பரைக் குறித்துவைப்பேன். அது அரசாங்கத்து ஆவணம் அல்ல, நான் கடையில் வாங்கியது. நீங்கள் அனுப்பிய 183 பெயர்களில் நாற்பத்தாறு பேர் அதில் தேறினார்கள். அந்தப் பக்கங்களைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதற்கு மேல் என்னால் முடியாது. தயவுசெய்து கேட்காதீர்கள்.

விசா அதிகாரி


மே 25

சார்,

இதற்கு மேல் முடியாது என்று எழுதியிருந்தீர்கள். முடியும்.

உங்கள் நாற்பத்தாறில் நாற்பத்திரண்டு சேர்ந்துவிட்டது. நாலு நம்பர் வேலை செய்யவில்லை. மீதி 141. ஆகவே மறுபடி கேட்கிறேன்.

நடுவில் ஏன் எழுதவில்லை என்றால், எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். சாதா உடுப்பில் ஐந்து பேர். அலமாரி, பரண், அரிசி டின், வாஷிங் மெஷின், எதையும் விடவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. ஏனென்றால் அதற்கு நாலு நாள் முன்னால்தான் எல்லாவற்றையும் என் நாத்தனார் வீட்டுக்கு மாற்றியிருந்தேன்.

நாத்தனாருக்கும் எனக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. எங்கள் பெண் கல்யாணத்தில் அவளுக்கு இரண்டாவது வரிசையில் நாற்காலி போட்டுவிட்டேனாம். அவள் வாசலில் போய் நின்றேன்.

"என்ன, வழி தவறிட்டியா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "உள்ள கொண்டா" என்றாள். அவ்வளவுதான். அவள் தையல்காரி. பாஸ்போர்ட்டுகளைத் துணி வெட்டும் மாதிரிக் காகிதங்களோடு கலந்து, ஒவ்வொரு உறையிலும் ஒரு வாடிக்கைக்காரி பெயரும் அளவும் எழுதி அடுக்கிவிட்டாள். இப்போது உங்கள் தூதரகத்தில் விசா கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பளவு முப்பத்தாறு. நாற்காலி விஷயத்தை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

என்னை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். அடிக்கவில்லை. ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துக் கேட்டதையே கேட்டார்கள். பட்டியல் எங்கே, யார் யார் விசா கேட்டார்கள், உனக்கு அங்கிருந்து என்ன உத்தரவு.

"எனக்கு ஒரே ஒரு உத்தரவுதான் வந்துச்சு. அதை நான் செய்யலை" என்றேன்.

"என்ன உத்தரவு?"

"அதைச் சொன்னா உத்தரவை மதிச்ச மாதிரி ஆயிடும்."

அந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு, "பத்தொன்பது வருஷம் அவங்களுக்கு உழைச்சீங்களே, போகும்போது உங்களைத் திரும்பிப் பார்த்தாங்களா?" என்றார். சார், அவர் கேட்டது சரியான கேள்வி.

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். இனி எல்லாத் திங்கட்கிழமையும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடுகிறேன். மற்ற ஆறு நாளும் என்னுடையது.

141 பேர் பெயரும் பிறந்த தேதியும் இத்துடன் ஒன்பது தாளில் இருக்கிறது. நாத்தனார் கையெழுத்து, அதனால் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது கவுன்டர்


ஜூன் 14

அக்கா,

ஒன்பது தாளும் பதினோரு தாளாகத் திரும்பி வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 141 பேரின் போன் நம்பரும் விலாசமும் என் கையெழுத்தில் இருக்கிறது. பிரிண்ட் எடுத்தால் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும் என்பதால், மூன்று நாள் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்து எழுதினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எழுதி முடித்ததும் நேராக நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போக வேண்டியிருந்தது. தூதரகம் மூடப்பட்டது பற்றி விசாரணை, மூடிய அறை. துணைச் செயலர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அதைத் தாளில் டைப் செய்தே கொடுத்திருந்தார்கள். குழுத் தலைவர் வயதான அம்மா. தாளைப் பார்க்காமல் கேட்டார்.

"உள்ளூர்க்காரங்க பாஸ்போர்ட் எல்லாம் அழிச்சாச்சுன்னு அறிக்கையில இருக்கு. அழிச்சது நீங்கதானா?"

"அழிக்கச் சொன்னது நான். அழிக்கப்படலை."

துணைச் செயலர் என் காலை மிதித்தார். நிஜமாகவே மிதித்தார்.

"அப்ப அந்தப் பாஸ்போர்ட் எல்லாம் எங்கே?"

"சொந்தக்காரங்ககிட்ட போயிட்டிருக்கு. யார் மூலமான்னு சொல்ல மாட்டேன். அதைக் கேக்கறதா இருந்தா இப்பவே என் வேலையை எடுத்துக்கோங்க."

"உங்க உத்தரவு சரின்னு இப்பவும் நினைக்கிறீங்களா?"

"இல்லை. நாம வாங்கி வச்ச பொருள். பூட்டிட்டு வர நேரம் இருந்துச்சு, திருப்பிக் கொடுக்க நேரம் இல்லைன்னு சொன்னோம். ஓவியத்தைக் கொண்டுவர எங்களுக்கு நேரம் இருந்துச்சு, அம்மா."

மாலையே தற்காலிக வேலைநீக்க உத்தரவு வந்துவிட்டது. மாற்றல் போயிற்று. மாமனார் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். மனைவி மட்டும் அன்றைக்குச் சாப்பிடும்போது, "நீ பொய் சொல்லிட்டு வந்த நாள்லேர்ந்து சரியாத் தூங்கலை. இன்னிக்குத் தூங்குவே" என்றாள். தூங்கினேன்.

டெலிபோன் ஆபரேட்டரைத் தேடிப் போனேன். புருஷனோடு இந்த ஊரில்தான் இருக்கிறாள். கதவைத் திறந்து, நான் என்று பார்த்ததும் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் வாசலில் நின்றேன். திறக்கவில்லை. அது அவளுடைய உரிமை. அடுத்த வாரமும் போவேன்.

எப்போதாவது நான் பயந்து எழுதியிருந்தால் அந்தக் கடிதங்களைக் கிழித்துப்போடுங்கள். அவற்றைத் தாராளமாகக் கிழிக்கலாம்.

ஊதி


ஜூலை 30

தம்பி,

இனி உங்களை சார் என்று கூப்பிட உங்களுக்கு உத்தியோகமும் இல்லை, எனக்கும் இல்லை. அதனால் தம்பி.

முதலில் திட்டிவிடுகிறேன். மூடிய அறை என்று எழுதினீர்கள். நீங்கள் அங்கே பேசியது நாலாம் நாள் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது. "சொந்தக்காரர்களிடம் போய்க்கொண்டிருக்கிறது" என்று பெரிய எழுத்தில். அறையை மூடினீர்கள், வாயை யாரும் மூடவில்லை. திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போனவளை அப்படியே உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

அதே அதிகாரி. மேஜை மேல் பத்திரிகை.

"இது நீங்கதானே?"

மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. "நான்தான்" என்றேன்.

"எதிரி நாட்டுக்கு வேலை பார்த்திருக்கீங்க."

"எதிரி நாடு கிழிக்கச் சொல்லுச்சு. நான் கிழிக்கலை. நம்ம ஜனங்க பொருளை நம்ம ஜனங்ககிட்ட கொடுத்தேன். இதுல நான் யாருக்கு வேலை பார்த்தேன்னு நீங்களே சொல்லுங்க."

உங்க பாஸ்போர்ட் இருந்தால் எடுங்கள் என்றேன். விசித்திரமாகப் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இது அரசாங்கத்தின் சொத்து, யாரும் சேதப்படுத்தவோ அழிக்கவோ கூடாது என்று எங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டில் அச்சடித்திருக்கிறது. "214 அரசாங்க சொத்தை நான் காப்பாத்தியிருக்கேன். கேஸ் போடறதா இருந்தா இதையும் சேர்த்து எழுதுங்க. கோர்ட்ல நானே படிக்கிறேன்."

என்ன நினைத்தாரோ. வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். "பட்டியலைக் கொடுத்துடுங்க, விட்டுடறேன்" என்றார்.

"பட்டியல் தரமாட்டேன். என்னை வச்சுக்கணும்னா வச்சுக்கோங்க. வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, குக்கரை மூணு விசில்ல இறக்கணும்."

பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பன்னிரண்டாம் நாள் பார்த்தால், ஸ்டேஷன் வாசலில் ஜனங்கள் நிற்கிறார்கள். பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை, நாற்பது ஐம்பது பேர். யாரும் கத்தவில்லை, அட்டை பிடிக்கவில்லை. ஆளுக்கொரு பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். யாரைக் காப்பாற்றுவதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அவர்களே வந்து முகத்தைக் காட்டிவிட்டார்கள். எனக்குக் கோபமாகத்தான் வந்தது. அதிகாரி ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். அத்தனை பேரையும் உள்ளே போட அவரிடம் இடம் இல்லை, பத்திரிகைக்காரனும் எதிரே நிற்கிறான். சாயங்காலம் என்னை வெளியே விட்டார்கள். திங்கட்கிழமை கையெழுத்து தொடர்கிறது.

உங்கள் பதினோரு தாளை நான் உள்ளே இருந்தபோதும் நாத்தனார் சும்மா வைத்திருக்கவில்லை. தைத்த துணி தயார் என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். வெளியூருக்கு என் வீட்டுக்காரர் போனார். பழைய டிரைவர் நண்பர்கள் டிக்கெட் கேட்கவில்லை. இன்றைய நிலவரத்துக்கு எட்டுதான் பாக்கி. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டார். ஐந்து பேரை இன்னும் தேடுகிறோம்.

எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நேற்று ஒரு பெண்ணிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. உங்கள் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பாலம் கட்டும் படிப்புக்கு இடம் கிடைத்தவள். பாஸ்போர்ட் போனதால் வேறு நாட்டில் கிடைத்த இடமும் கைவிட்டுப் போய், இப்போது ஒரு மருந்துக் கடையில் ஸ்டாக் எடுக்கிறாள். பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை.

"அஞ்சு மாசம். யாரோ ரெண்டு பேர் சண்டை போட்டதுக்கு என் வருஷம் போச்சு. இதை நான் யார்கிட்டக்கா கேக்கறது?" என்றாள்.

படி ஏறி வந்த மூச்சு எனக்கு இன்னும் அடங்கவில்லை. உங்கள் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் என் நாட்டின் சார்பிலும் கேட்டேன். இரண்டுக்கும் எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு, "நீங்க ஏன் கேக்கறீங்க? கேக்க வேண்டியவங்க எங்கே?" என்றாள்.

அது நியாயமாகப் பட்டது. உங்கள் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். பையில் கடிதம் போடுவது எப்படி என்று நூலகத்து அம்மாவிடம் அவளைக் கூட்டிப்போய்க் காட்டியும் கொடுத்தேன். எழுதுவாள். கோபமாகத்தான் எழுதுவாள்.

பதில் போடுங்கள். யாரையும் கேட்காமல் போடுங்கள்.

அக்கா